பச்சை டிக் போட்ட பொய்

என்னோடு ஒரே ஆபீசில், இருபது வருஷத்துக்கு மேல் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். போன வருஷம் அவர் இரண்டு மாதம் செத்துப்போயிருந்தார்.

பதறவேண்டாம். தினமும் காலையில் பீச் ரோட்டில் என்னோடு நடந்துகொண்டுதான் இருந்தார். பென்ஷன் கணக்கில்தான் இறந்திருந்தார்.

நம் வயதுக்காரர்களுக்கு விவரம் சொல்லவேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கவேண்டும். முன்பெல்லாம் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டோம். இப்போது ஆப்பிலேயே அனுப்பலாம். நண்பரின் மாப்பிள்ளை செல்போனில் அனுப்பிக்கொடுத்தார். பெரிய பச்சை டிக் விழுந்தது. "வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது, நன்றி" என்று வந்தது. நண்பர் நிம்மதியாக இருந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துப் பென்ஷன் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மருந்துக்கடையில் கடன் சொன்னார். ஐம்பது வருஷமாக யாரிடமும் கடன் சொல்லாத மனிதர். கவுண்ட்டருக்குப் போய்க் கேட்டால், "சிஸ்டத்துல ரிஜெக்ட்னு இருக்கே சார், நீங்க பாக்கலியா?" என்றார்களாம். எங்கே போய்ப் பார்ப்பது? அவர் கண்ணுக்குக் காட்டப்பட்டது பச்சை டிக் மட்டும்தான்.

எந்த அலுவலகம், எந்த ஆப் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு இடத்துக் கோளாறு என்றால் எழுதியிருப்பேன். இது ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் சண்டை போட வந்திருக்கிறேன்.

என் பேத்தி சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். லீவுக்கு வந்திருந்தபோது நண்பரையும் வரச்சொல்லி, லேப்டாப்பில் அதே இணையப் பக்கத்தைத் திறந்து, மறுபடி விண்ணப்பத்தை அனுப்பச் சொன்னேன். அவள் ஏதோ ஒரு பட்டனை அழுத்தி, பக்கத்துக்கு அடியில் இன்னொரு ஜன்னலைத் திறந்தாள். நாம் அனுப்பியது என்ன, சர்வர் திருப்பி எழுதிய பதில் என்ன என்று அங்கே அப்படியே தெரிகிறது.

"இங்க பாருங்க தாத்தா. மேல 200னு இருக்கா? எல்லாம் சரின்னு அர்த்தம். ஆனா உள்ள பாருங்க."

உள்ளே மூன்றே வரி. நிலை: தோல்வி. செய்தி: பிழை. விவரம்: காலி.

திரையில் மறுபடியும் அதே பச்சை டிக். நண்பர் என்னைப் பார்த்தார். நான் பேத்தியைப் பார்த்தேன். அவள், "ஆப் எழுதினவங்க வெளில இருக்கற 200ஐ மட்டும் பாத்துட்டு டிக் போட்டுட்டாங்க" என்றாள்.

அன்று மாலை முழுக்க அவளை உட்காரவைத்துப் பாடம் கேட்டேன். கேட்கக் கேட்க, இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று தோன்றியது. முப்பத்தைந்து வருஷம் நான் செய்த வேலையே இதுதான். வந்த கடிதத்துக்குப் பதில் அனுப்புவது.

சர்வரின் பதிலுக்கு உறை என்று ஒன்று, உள்ளே கடிதம் என்று ஒன்று. உறைமேல் மூன்று இலக்க எண் எழுதவேண்டும். உள்ளே இருப்பது என்ன வகை என்றும் எழுதவேண்டும்: மனிதர் படிக்கும் பக்கமா, இயந்திரம் படிக்கும் படிவமா என்று. படிவம் என்றால் இந்தக் காலத்தில் பெரும்பாலும் ஜேசன். 2000-களின் தொடக்கத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் பரப்பிய முறை. 2013-ல் அதற்குத் தனித் தரநிலையே வந்துவிட்டது. அதில் மர்மம் ஒன்றும் இல்லை. கட்டத்தின் பெயர், ஒரு முக்கால்புள்ளி, கட்டத்தில் உள்ளது. நம் ஆபீஸ் கடிதத்தில் "பொருள்:", "பார்வை:", "இணைப்பு:" என்று போடுவோமே, அதே சங்கதி. கடிதத்தை முழுக்கப் படிக்காமலே எந்த செக்‌ஷனுக்குப் போகவேண்டியது என்று தபால் பிரிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பதில்களை அனுப்ப ஆயத்தக் கட்டமைப்புகள் உண்டு. ஃபிரேம்வொர்க் என்கிறார்கள். அச்சடித்த லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப், உறை எல்லாம் அடுக்கிவைத்த அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றுக்குப் பெயர் ஜாங்கோ. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-ல் வெளியானது. தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கியும் கிதார் வாசித்து உலகப்புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் பெயரை வைத்தார்களாம். பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு பிடிப்பு வந்தது, மறைப்பானேன். ஆரம்பத்தில் அதில் ஜேசன் பதில் அனுப்ப, உள்ளடக்கத்தையும் தானே மடித்து, உறைமேல் "படிவம்" என்றும் தானே எழுதவேண்டுமாம். எழுத மறந்தால் "பக்கம்" என்றே போய்விடும். 2014-ல் வந்த 1.7 பதிப்பில் அதற்கென்றே தனி உறை கொடுத்துவிட்டார்கள். ஃப்ளாஸ்க் என்ற இன்னொன்றில், 2019-லிருந்து கட்டங்களை அப்படியே நீட்டினாலே போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது.

ஆக, அலமாரியில் குறை இல்லை. சரியான உறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுக்க மனம் இல்லை. என் கோபம் அங்கேதான்.

அந்த மூன்று இலக்க எண்ணைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதுதான். 2-ல் தொடங்கினால் காரியம் நடந்தது. 4-ல் தொடங்கினால் கேட்டவர் பக்கம் குறை. 5-ல் தொடங்கினால் எங்கள் பக்கம் குறை. 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை. 403 என்றால் நீ யார் என்று தெரியும், உனக்கு அனுமதி இல்லை. 404 நமக்கெல்லாம் தெரிந்ததுதான், நீ கேட்டது இங்கே இல்லை. 422 என்றால் மனுவின் வடிவம் சரி, ஆனால் எழுதியிருப்பது ஏற்கத்தக்கதாக இல்லை. 500 என்றால் எங்கள் வீட்டில்தான் கோளாறு. 503 என்றால் இப்போது முடியாது. எத்தனை நேரம் கழித்து வரலாம் என்று உறைமேலேயே எழுதவும் இடம் இருக்கிறது. எத்தனை கவுண்ட்டரில் "அப்புறம் வாங்க" என்று கேட்டிருக்கிறோம்! எப்போது என்று சொன்னவர் உண்டா?

முதல் இலக்கம் யார் மேல் தவறு என்பதைச் சொல்கிறது. அதனால்தான் அதை எழுதக் கை வருவதில்லை.

இங்கே என் கதையையும் சொல்லியாகவேண்டும். மாதக் கடைசியில் நிலுவை அறிக்கை அனுப்பும் நாட்கள். எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி. பாக்கி அதிகம் இருந்தால் மேலிடத்தில் கேள்வி வரும். நாங்கள் என்ன செய்வோம்? மனுதாரருக்கு ஒரு கடிதம் தட்டுவோம். "தங்கள் மனுவில் சில விவரங்கள் தெளிவாக இல்லை, தெளிவுபடுத்தவும்." எந்த விவரம் என்று சொல்லமாட்டோம். கடிதம் போன அன்றே பதிவேட்டில் "முடிக்கப்பட்டது" என்று எழுதிவிடுவோம். அறிக்கையில் பாக்கி இல்லை. மேலதிகாரிக்கு மகிழ்ச்சி. எங்கேயோ பாகூர்ப் பக்கம் ஒரு விதவை அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எது தெளிவாக இல்லை என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றிருப்பாள். நானும் அப்படிக் கையெழுத்துக்கு வைத்தவன்தான். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

எல்லாவற்றுக்கும் 200 போடுவது அதே வேலை. பேத்தியே சொன்னாள். சர்வர்களைக் கண்காணிக்கும் பலகைகள் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் எண்ணுகின்றன. 4 எத்தனை, 5 எத்தனை என்று பார்த்துத்தான் எச்சரிக்கை மணி அடிக்கும். எல்லாம் 200 என்றால் மணி அடிக்காது. ஆயிரம் பேர் சான்று திரும்பினாலும் பலகை முழுக்கப் பச்சை. நண்பர் ஏமாந்தது போலவே அதிகாரியும் ஏமாறுகிறார். பொய் இரண்டு பக்கமும் போகிறது.

அவள் சும்மா விடவில்லை, எதிர்வாதம் செய்தாள். நியாயமாக அதையும் எழுதவேண்டும்.

"200னா லெட்டர் வந்து சேந்துச்சு, பதில் குடுத்துட்டோம்னு அர்த்தம் தாத்தா. வேலை நடந்துச்சா இல்லியாங்கறது உள்ள இருக்கும். எங்க சீனியர்ஸ் அப்படித்தான் சொல்றாங்க."

இதற்கு எனக்குப் பதில் தெரியும். முன்பு ரிஜிஸ்டர் தபாலுக்கு ஒப்புகை அட்டை வந்துகொண்டிருந்ததே, அது கடிதம் சேர்ந்ததற்கு அத்தாட்சி. மனு ஏற்கப்பட்டதற்கு அத்தாட்சி இல்லை. இரண்டையும் எந்தக் குமாஸ்தாவும் குழப்பமாட்டான். அந்த எண்களை வகுத்தவர்களும் குழப்பவில்லை. பெற்றுக்கொண்டோம், இன்னும் முடிவு செய்யவில்லை என்பதற்குத் தனியாக 202 வைத்திருக்கிறார்கள். நண்பருக்கு முதல் நாள் 202 போட்டு, திரையில் மஞ்சளாக "பரிசீலனையில் உள்ளது, இந்த எண்ணை வைத்துப் பிறகு பாருங்கள்" என்று காட்டியிருந்தால் அவர் பார்த்திருப்பார். பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

"காரணத்தை விவரமா சொன்னா திருடனுக்கும் உதவுமே?"

இது உண்மையான கவலைதான். கடவுச்சொல் தவறா, பெயர் தவறா என்று பிரித்துச் சொல்லக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். சர்வருக்குள் எந்த வரியில் உடைந்தது என்று வெளியே கொட்டுவதும் தப்பு. ஆனால் இவர் யார் என்று ரேகை பார்த்து உள்ளே விட்டபிறகு, இவருடைய பெயர்க் கட்டம் பொருந்தவில்லை என்று இவருக்கே சொல்வதில் எந்தத் திருடனுக்கு என்ன லாபம்? பாதுகாப்பு என்ற பெயரில் சோம்பலை மூடிவைப்பதை நான் ஃபைல் காலத்திலேயே பார்த்தவன். அப்போது அதற்குப் பெயர் "ரகசியம்".

ஆமாம், கடைசியில் காரணம் அதுதான், பெயர். பென்ஷன் புத்தகத்தில் இனிஷியல் முன்னால், பிறகு பெயர். அடையாள அட்டையில் பெயர் முன்னால், அப்பா பெயர் முழுதாகப் பின்னால். ஆப் "குடும்பப் பெயர்" என்று கட்டாயக் கட்டம் வைத்திருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கூத்து புரியும். 1881-ல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி தனிச்சட்டத்தைத் துறந்தவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். துறக்காதவர்கள் இனிஷியலோடு நின்றார்கள். ஒரே தெருவில் இரண்டு வகையும் உண்டு. குடும்பப் பெயர் இல்லாதவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்? ஒருவர் புள்ளி வைப்பார். ஒருவர் தன் பெயரையே மறுபடி எழுதுவார். நண்பரின் மாப்பிள்ளை அப்பா பெயரை எழுதியிருக்கிறார்.

இல்லாததை இல்லை என்று எழுத ஜேசனில் தனிச் சொல்லே இருக்கிறது, நல் என்று. காலிக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு, நல் வேறு. அதைக் கேட்டதும் எனக்குப் பள்ளிக்கூடத்து முசியே ஞாபகம் வந்தார். பிரெஞ்சுப் படிவத்தில் ஒரு கட்டத்துக்கு விஷயம் இல்லையென்றால் காலியாக விடக்கூடாது, "நேஆன்" என்று எழுதவேண்டும் என்பார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். காலியாக விட்டால் மறந்தாயா, மறைத்தாயா, இல்லையா என்று தெரியாதே. 1804-ல் நெப்போலியன் காலத்தில் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தில், பிறப்பு இறப்புப் பதிவேட்டை எப்படி எழுதுவது என்று 42-வது பிரிவு சொன்னது: இடைவெளி விடாமல் தொடர்ந்து எழுது, சுருக்கெழுத்து கூடாது, தேதியை எண்ணால் எழுதாதே. 1954-க்கு முன் பிறந்த நம்மில் பலருடைய பிறப்புப் பதிவு அப்படித்தான் இருக்கும். எந்த வருஷம், எந்த மாதம், எந்த நாள், காலை எத்தனை மணி, எல்லாம் எழுத்தால்.

ஜேசனில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. பெரும்பாலும் எழுத்தாகத்தான் வைப்பார்கள். 03/04 என்று வைத்தால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்காக்காரனுக்கு மார்ச் நான்கு. வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுது என்று உலகத் தரநிலை இருக்கிறது. அதையும் பலர் மதிப்பதில்லை. தொலைபேசி எண்ணை எழுத்தாக வைக்காமல் எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். ஜேசன் எண்ணில் முன்பூஜ்யத்துக்கு இடமே இல்லை. நம்முடைய 0413 வெறும் 413 ஆகிவிடும். சின்ன விஷயம் என்பார்கள். பூஜ்யம் இல்லாமல் தொலைபேசி போட்டுப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று. படிவம் கேட்டவனுக்குப் பக்கத்தை அனுப்புவது. ஆப் ஜேசனை எதிர்பார்த்து நிற்கும். உள்ளே ஏதோ உடைந்தால், அந்த அவசரத்தில் மனிதர் படிக்கும் பிழைப் பக்கம் முழுசாகப் போய்விடும். அதன் முதல் குறியே ஒரு கோண அடைப்பு. ஆப் அதைப் பார்த்துத் திகைத்து, "எதிர்பாராத குறி" என்று நம் முகத்தில் எறியும். எண்பது வயதுக் கிழவி அதைப் பார்த்து, தான்தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று பயப்படுவாள். என் அக்கா அப்படிப் பயந்து, ஒரு வாரம் செல்போனைத் தொடவில்லை.

மூன்றாவதாகப் பேத்தி கேட்டது: "சாதாரண ஜனங்களுக்கு 422 எல்லாம் புரியுமா?" புரியவேண்டாமே அம்மா. எண் இயந்திரத்துக்கு. வாக்கியம் மனிதருக்கு. இரண்டும் ஒரே பதிலில் இருக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. இதற்கும் 2016-லேயே ஒரு பொது வடிவம் எழுதி, 2023-ல் திருத்தியும் வெளியிட்டிருக்கிறார்கள். என்ன வகைப் பிழை, அதன் தலைப்பு, நிலை எண், இந்த மனுவில் நடந்தது என்ன என்ற விவரம், இந்தக் குறிப்பிட்ட நிகழ்வுக்கான அடையாளம் என்று ஐந்து கட்டங்கள். எங்கள் ஆபீசில் ஒழுங்கான குமாஸ்தா எழுதிய நிராகரிப்புக் கடிதமும் இந்த ஐந்தையும் சொல்லும். ஒழுங்கானவர்கள் இருந்தார்கள். என் எதிர் மேஜைக்காரர் அதில் முதல் ஆள். "மனுவை நிராகரிக்க நமக்கு உரிமை இருக்கு, ஏன்னு சொல்லாம இருக்க உரிமை இல்ல" என்பார். அவருக்குத்தான் இப்படி நடந்தது.

எனவே நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நடக்காததை நடந்தது என்று உறைமேல் எழுதாதீர்கள். யார் மேல் தவறோ அந்த இலக்கத்தைப் போடுங்கள், உங்கள் மேல் என்றாலும். எந்தக் கட்டம், ஏன், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று உள்ளே எழுதுங்கள். "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். ஏதோ என்பது பதில் இல்லை. உங்கள் பதிலை முதலில் படிப்பது இன்னொரு இயந்திரம்தான், சரி. அதற்குப் பின்னால், மருந்துக்கடை வாசலில் நிற்கும் ஒருவர் இருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தாத்தா, எங்க டீம்லயும் எல்லாத்துக்கும் 200தான்" என்றாள். திட்டலாம் என்று வாயெடுத்தேன். பாகூர்க் கடிதங்கள் ஞாபகம் வந்தன. திட்டவில்லை. ஊருக்குத் திரும்பியபிறகு போன் செய்து, மீட்டிங்கில் சொல்லிப்பார்த்ததாகவும், இனிமேல் எழுதுவதையாவது மாற்றலாம் என்று ஒத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். பழையதை மாற்றினால் அதை நம்பியிருக்கும் ஆப்கள் உடையும் என்று பயமாம். அந்தப் பயமும் எனக்குத் தெரிந்ததுதான்.

நண்பருக்குப் பெயர் திருத்தி, இரண்டு மாத பாக்கியும் சேர்ந்து வந்துவிட்டது. மருந்துக்கடை கணக்கை அன்றே தீர்த்தார். இந்த வருஷம் ஆப் வேண்டாம், நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்கிறார். படிக்கட்டு ஏறவேண்டும், முழங்கால் ஒத்துழைக்காது. நான் கூடப் போகிறேன்.